மூன்றாவது ஆள் நான்

எங்கள் பக்கத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. "பிபி அம்மா" என்றால்தான் தெரியும். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், ரெஜிஸ்டரில் எழுதி அதையே போனிலும் ஏற்ற வேண்டும். இதுதான் என் வேலை. உத்திரமேரூரிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிஷத்தில் போகக்கூடிய ஒரு ஊரும், அந்த ஊரின் கோடியில் ஏரிக்கரையை ஒட்டி இருளர்கள் குடியிருக்கும் பதினாறு வீடுகளும் அப்போது என் பொறுப்பில் இருந்தன.

ஆடி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு முதலில் ஏரிக்கரைக்குத்தான் போனேன். பொழுது ஏறிவிட்டால் அங்கே ஆண்கள் யாரையும் பிடிக்க முடியாது. சவுக்கு வெட்டவோ கழனி வேலைக்கோ கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு எனக்கு அகப்பட்டது ஒரே ஒருவர். முப்பத்தைந்து வயசு இருக்கும். முந்தின மாசம் பிபி அதிகமாகக் காட்டியதால் மறுபடியும் பார்க்க வேண்டியவர்.

இடது கையை நீட்டினார். முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு கீறல். ரத்தம் காய்ந்தும் காயாமலும் இருந்தது.

"இன்னாப்பா இது?"

"வேலிகாத்தான் முள்ளு யக்கா. காலைல வெறவு வெட்டச்சொல்ல இஸ்துக்கிச்சி. அது ஒண்ணியும் இல்ல, நீ கட்டு."

வலது கையில் கட்டியிருக்க வேண்டும். அவசரம். அதே கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். அவிழ்க்கும்போது கீறலிலிருந்து மறுபடி ரத்தம் கசிந்தது. பஞ்சு கொடுத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் கட்டி முடித்ததும் பட்டையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். ஸ்பிரிட் பாட்டிலை நான் வீட்டு அலமாரியிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். பட்டையை அப்படியே சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஊருக்குள் போனேன்.

அடுத்த வீடு கழனியோரம் தனியாக இருக்கும் மாடி வீடு. அங்கே அறுபது வயசு தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகன் சென்னையில் வேலை பார்த்தார். பத்து ஏக்கர் நஞ்சையையும் ஒரு தென்னந்தோப்பையும் அந்த அம்மா தானே நின்று பார்த்துக்கொண்டார். நான் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். எப்போது போனாலும் பிபி எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்பார். பிறகு, "அவ்ளோ எல்லாம் இருக்காது, இன்னொரு வாட்டி கட்டு" என்பார். அன்றைக்கும் இடது கையில் இரண்டு தடவை கட்டினேன். ரவிக்கையின் கை பாதி, தோல் பாதி என்று பட்டை சுற்றியது. சர்க்கரைக்கு விரலைப் பிடித்து அழுத்தி ஒரு சொட்டு எடுத்தேன். மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் கறக்க வந்தவர், சமையலறையில் பெரியம்மா விழுந்து கிடப்பதைப் பார்த்தார். கழுத்தை நெரித்திருந்தார்கள். காதுக் கம்மலை அப்படியே பிடுங்கியிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டு, ஈரத்துணியால் காதையும் கழுத்தையும் துடைத்துவிட்டிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது என்று நினைத்துச் செய்தது. போலீஸ் வருவதற்குள் கழுத்து சுத்தமாகிவிட்டது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் பட்டப்பகலிலேயே கதவு சாத்த ஆரம்பித்தார்கள். நான் கேட்டைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரு? யாரு?" என்று இரண்டு மூன்று குரல் கேட்கும். என் முகத்தை ஜன்னலில் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். எனக்கும் பயம்தான். ஆளில்லாத வரப்புச் சாலையில் ஸ்கூட்டி ஓட்டும்போது கரும்புக்குள் ஏதாவது சலசலத்தால் வண்டியை முறுக்கிவிடுவேன்.

போலீஸ் முதலில் போனது ஏரிக்கரைக்குத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் ஒரு ஆடு காணாமல் போனால்கூட முதலில் அங்கேதான் போவார்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் என்னிடம் கை நீட்டியவரும் ஒருவர். அவர் கையில் கீறல் இருந்தது. எலி பிடிக்கத் தோப்பு வரப்பைத் தோண்டினார் என்று முந்தின மாசம் பெரியம்மா அவரைத் திட்டியது ஊருக்கே தெரியும். அன்று மத்தியானம் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, செய்யாற்றங்கரையில் தனியாக நண்டு பிடித்துக்கொண்டிருந்தேன் என்றாராம். பார்த்தவர் யாரும் இல்லை.

நாலு பேரிடமும் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாசம் கழித்து ரிசல்ட் வந்தது. பெரியம்மாவின் ரவிக்கைக் கையிலும் இடது புஜத்திலும் இருந்த டிஎன்ஏ என்னிடம் கை நீட்டியவருடையது என்றது.

உண்மையைச் சொல்கிறேன். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி. பிடிபட்டுவிட்டான், இனி பயமில்லை என்று நினைத்தேன். கூடவே ஒரு அருவருப்பு. அந்தக் கையையா அன்றைக்குக் காலையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று உடம்பு கூசியது. என்னிடம் பிபி பார்த்துக்கொண்டு, அடுத்த சில மணி நேரத்தில் அங்கே போய் அதைச் செய்திருக்கிறான் என்றே நம்பினேன். டிஎன்ஏவே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?

ஒரு வாரம் கழித்து ஏரிக்கரைக்குப் போனபோது அவர் மனைவி, இடுப்பில் பிள்ளையோடு என்னைத் தேடி வந்தாள்.

"யக்கா, நீ படிச்சவ. டிஎன்ஏன்னா இன்னாக்கா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நம்ம ரத்தம், எச்சி, வேர்வ எல்லாத்துலயும் கீது. ஒருத்தருக்கு இருக்கறாப்ல இன்னொருத்தருக்கு இருக்காது."

"அது பொய் சொல்லாதாமே?"

"சொல்லாது."

"அப்ப எங்கூட்டுக்காரரு பொய் சொல்றாரா?"

நான் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே பையை மூடினேன். அவள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாசம் ஒரு நாள். வேறொரு தெருவில் ஒரு பெரியவருக்குக் கையில் சிரங்கு. அதன்மேல் ஊதா மருந்து தடவியிருந்தார். அவருக்குப் பிபி பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்து வெள்ளை ரவிக்கையில் இருந்தார். பட்டையைக் கட்டி அவிழ்த்தேன். ரவிக்கைக் கையில் பளிச்சென்று ஊதாக் கறை.

"ஐய! யார் வூட்டு மருந்த எடுத்தாந்து என் கைல பூசிட்ட? இப்பதானே கட்டினன் இத்த!"

நான் அந்தக் கறையையே பார்த்தேன். அவர் திட்டுவது தூரத்தில் கேட்கிற மாதிரி இருந்தது.  ரெஜிஸ்டரை எடுத்து ஆடி மாசத்துப் பக்கத்தைத் திருப்பினேன். வியாழக்கிழமை. 9.10, ஏரிக்கரை. அதற்கு அடுத்த வரி, 10.05, பெரியம்மா. நடுவில் வேறு யாரும் இல்லை.

இடது கை. ரத்தம் கசிந்த கீறல். துடைக்காத பட்டை. பெரியம்மாவின் இடது புஜம்.

ஸ்கூட்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பட்டையை டெட்டால் தண்ணீரில் போட்டுக் கசக்கினேன். இரண்டாவது தடவை கசக்கும்போதுதான், நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன், சாட்சியை அழிக்கிறேனா என்று தோன்றியது. வாளியைப் பார்த்தபடி பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் உத்திரமேரூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் சொன்னேன். 

"இத்த வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லங்க."

"சொல்லாத. அந்தம்மாவ கடைசியா பாத்தது நீதான்னு போலீஸ்காரன் எழுதிக்குவான். துடைக்காத பட்டைய கட்டினன்னு நீயே போய் சொல்லுவியா? வேலையும் போவும், நாளிக்கு நீயும் அவனும் கூட்டுன்னு கேஸையே மாத்துவான். போலீஸ்காரன் வூட்டுக்கு வந்தா நம்ம பொண்ணு கதி இன்னா?"

அவர் சொன்னது எதுவும் தப்பில்லை. 

ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஐந்து வாரமும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். எதிரில் ஜீப் வந்தால் ஸ்கூட்டியை ஓரங்கட்டி ஏதோ தேடுவதுபோலப் பையைத் துழாவுவேன். ஒவ்வொருவர் கையிலும் பட்டையைக் கட்டும்போது இதற்கு முன்னால் யார் கையில் கட்டினோம் என்று மனசுக்குள் ஓடும். துடைத்துத் துடைத்து என் விரலெல்லாம் வெடித்துப்போயிற்று.

ஏரிக்கரையிலிருந்து அவர் மனைவி மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை அவள் டிஎன்ஏ பற்றிக் கேட்கவில்லை.

"யக்கா, அந்தம்மா நெகத்தால கீறினதுதான் அவரு கைல இருந்த காயம்னு போலீஸு சொல்றாங்களாம். காலைலயே முள்ளு கீறிச்சேக்கா. நீதான் பஞ்சு குடுத்தியாமே. அவருதான் சொன்னாரு, பிபி அம்மாவுக்குத் தெரியும்னு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை. அழவும் இல்லை. "செரிக்கா" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொன்னது நான். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு போனது அவள்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கணவரிடம் எதுவும் சொல்லாமல், ஜெயிலில் இருந்தவருக்காக வாதாடும் வக்கீலைத் தேடிப் போனேன். இலவச சட்ட உதவியில் கொடுத்த வக்கீல். முப்பது வயசுப் பெண். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன ரூமில் உட்கார்ந்திருந்தார். கீறலிலிருந்து ஊதா மருந்து வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதையும் எழுதவில்லை. நான் முடித்ததும், "இத கோர்ட்டுல சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"பயமா கீது மேடம்."

"எனக்கும்தான் பயமா இருக்கு. டிஎன்ஏ மேட்ச்னு வந்தப்பறம் எல்லாரும் என்கிட்ட, இனிமே இந்தக் கேஸ்ல இன்னா இருக்குன்னுதான் கேட்டாங்க."

லேப் அறிக்கையை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். ரவிக்கைத் துணியில் இருந்தது ஒருவருடைய டிஎன்ஏ இல்லை, குறைந்தது மூன்று பேருடைய கலவை. ஒன்று இறந்துபோன அம்மாவுடையது. இன்னொன்று இவருடையது. மூன்றாவது கொஞ்சமாக இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை.

"மூணாவது ஆள் யாருன்னு அவங்க தேடவே இல்ல. ஒருத்தர் கெடச்சிட்டாரு, போதும்னு விட்டுட்டாங்க."

"அது நானா மேடம்?"

"உங்க ரத்தத்த குடுத்தாதான் தெரியும். நல்லா யோசிச்சிக்கோங்க. அது நீங்கதான்னு வந்தா, நீங்க சொல்றது உண்மைன்னு கோர்ட்டு நம்பும். இல்லன்னா உங்களையும் சந்தேகப்படும். ரெண்டுல எதுன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் என் மனசில் நின்றுவிட்டது. டிஎன்ஏ பொய் சொல்லவில்லை, அது அவருடையதுதான், யாருடையது என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும், எப்படி வந்தது, எப்போது வந்தது என்று சொல்லத் தெரியாது என்றார். "அந்த மிச்சத்த போலீஸ் அவங்களே எழுதிக்கிட்டாங்க" என்றார்.

கோர்ட் உத்தரவு வாங்கி, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தை எடுத்தார்கள். பெண் போலீஸ் ஒருவர் பக்கத்தில் நின்றார். நாள் முழுக்க அடுத்தவர் விரலைக் குத்துகிறவள் நான். ஊசியைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். பாட்டிலில் சீல் வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கும்போது, என் ரத்தம் இனிமேல் என்னுடையது இல்லை, அது போய் என்ன சொல்லப்போகிறதோ என்று நினைத்தேன்.

ரிசல்ட் வர மூன்று மாசம் ஆயிற்று. அதற்குள் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். ஒரு மத்தியானம், கூட இரண்டு பேர். என் கணவர் பட்டறையில் இருந்தார். நாற்காலி போட்டேன். குரலை உயர்த்தாமல் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

"அவனுக்கும் உங்களுக்கும் எத்தினி நாள் பழக்கம்?"

"பழக்கம்லாம் இல்ல சார். மாசத்துக்கு ஒரு வாட்டி பிபி பாப்பன்."

"இத்தினி மாசம் சும்மா இருந்துட்டு இப்ப எப்டிமா ஞாபகம் வந்துது? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"அந்தம்மா தனியா கீறாங்க, இன்ன டைமுக்குத் தூங்குவாங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் சார். எல்லா வூட்டப் பத்தியும் தெரியும்."

"அதான் பாத்தன்" என்று எழுந்தார். போகும்போது சுவரில் மாட்டியிருந்த என் மகளின் ஸ்கூல் போட்டோவைப் பார்த்து, "எத்தனாவது படிக்கிது?" என்று கேட்டார். வெறும் விசாரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். அவர் போனதும் நான் ஸ்கூலுக்குப் போய், பாதி நாளிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவருக்கு எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள், "கோர்ட்டுக்கு நானும் வரன்" என்றார். அவ்வளவுதான். ஆபீசில் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பழைய ஊரில் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொலைகாரனுக்குச் சாட்சி சொல்கிறவள் என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த மூன்று மாசமும் எனக்குள் இன்னொரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது ஆள் நானாக இருந்தால், நான் சொல்வது நிரூபணமாகும். நானாக இல்லாவிட்டால்? அப்படியானால் அது கொன்றவனுடையதாக இருக்கலாம். போலீஸ் கையில் அவனைப் பற்றி இருக்கும் ஒரே தடயம் அதுவாக இருக்கலாம். நானாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதும், கொன்றவன் எந்தத் தடயமும் வைக்காமல் போய்விட்டான் என்று வேண்டிக்கொள்வதும் ஒன்றுதான். சில நாள் ஒரு பக்கமாக வேண்டிக்கொண்டேன், சில நாள் மறுபக்கமாக.

ரிசல்ட் வந்தது. மூன்றாவது ஆள் நான்தான்.

கோர்ட்டில் கூண்டில் ஏறி நின்றேன். எதிரில் அவர் நின்றார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார். எங்கள் வக்கீல் ரெஜிஸ்டரையும், போனில் நான் ஏற்றியிருந்த நேரத்தையும் காட்டிக் கேட்டார். முள் கீறல், பஞ்சு, பட்டை எல்லாம் சொன்னேன். பிறகு அரசு வக்கீல் எழுந்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் கட்டினப்பறம் பட்டையத் துடைக்கணும்னு விதி இருக்கா?"

"இருக்குதுங்க."

"அன்னைக்குத் துடைச்சீங்களா?"

"இல்லைங்க."

"வேலையில இவ்வளவு கவனக்குறைவா இருக்கற நீங்க, ஒரு கீறல் எந்தக் கையில இருந்துச்சுன்னு மட்டும் இத்தனை மாசம் ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

"ஞாபகம் இருந்துதுங்க. பயத்துல சொல்லல."

"சாகறதுக்கு முன்னாடி அவங்கள தொட்டது நீங்க. அவரும் தொட்டிருக்காரு. ரெண்டு பேர் டிஎன்ஏவும் ஒரே துணியில. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்கன்னு நான் சொல்றேன்."

 "இல்லைங்க ஐயா" என்று சொன்னேன். சத்தம் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்து, "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். மறுபடியும் சொன்னேன்.

லேபிலிருந்து வந்த நிபுணரும் சாட்சி சொன்னார். அந்தத் துணியில் இருந்த குற்றம் சாட்டப்பட்டவரின் டிஎன்ஏ அவர் நேராகத் தொட்டதால் வந்திருக்குமா, அல்லது ஒரு பொருள் மூலமாக வந்திருக்குமா என்று எங்கள் வக்கீல் கேட்டார். "இரண்டும் சாத்தியம். அறிக்கையிலிருந்து அதைச் சொல்ல முடியாது" என்றார். கழுத்தில் என்ன கிடைத்தது என்று கேட்டார். துடைத்துவிட்டதால் எதுவும் கிடைக்கவில்லை என்றார். அவர் ஒரு வார்த்தைகூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. இதே கேள்வியை முதல் நாளே யாராவது அவரிடம் கேட்டிருந்தால் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவரை விடுதலை செய்தார்கள். பத்தொன்பது மாசம் உள்ளே இருந்திருந்தார். தீர்ப்பு வந்த அன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஞாபகம் இல்லை என்று நான் சொன்னதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை.

கோர்ட் வாசலில் பெரியம்மாவின் மகன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து என் கணவர் முன்னால் வந்து நின்றார். மகன் கையை நீட்டி அவரை விலக்கினார், அவ்வளவுதான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நீங்க சொன்னது நெஜமாவே இருக்கட்டும். அப்ப எங்கம்மாவ கொன்னது யாரு?"

 அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. இதுவரை யாரையும் பிடிக்கவில்லை. செய்தவன் எங்கேயோ இருக்கிறான். வெளியூர்க்காரனா, அதே ஊர்க்காரனா, நான் பிபி பார்த்த ஆளா, எதுவும் தெரியாது. ஒருவரைக் காப்பாற்ற நான் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை அங்கேயே நின்றுவிடுகிறது. அவர் உடம்பின் துளி எப்படி அங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. செய்யாற்றங்கரையில் தனியாக நண்டு பிடித்தார் என்பது அவர் சொன்னதுதான்.

விடுதலையாகி ஒரு மாசம் இருக்கும். கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போயிருந்தேன். விடுதலையானவர் அங்கே வந்து வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வரவில்லை.

"வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளைக்குப் போறோம் யக்கா. இங்க இருக்க முடியல. எந்த வூட்டுக்கு வேலைக்குப் போனாலும் கதவ சாத்திக்கிறாங்க. சொல்லிக்கினு போலாம்னு வந்தன்."

"நல்லா இருப்பா. மாத்திரைய வுட்டுடாத" என்றேன். 

அவர் கிளம்பவில்லை. 

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லு. நான்தான் பண்ணன்னு நீ நெனச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே அவர் மனைவியிடம் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது.

"நெனச்சன்பா. அந்த மருந்து கறைய பாக்கற வரிக்கும் நெனச்சன்."

தலையை ஆட்டினார். "இப்ப?"

இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூச்சை இழுத்து விடுகிற நேரம். அதற்குள் செய்யாறு, நண்டு, யாருமில்லாத மத்தியானம் எல்லாம் மனசில் ஓடி முடிந்துவிட்டது.

"இல்லப்பா" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மூச்சை அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது.

"செரிக்கா" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கூப்பிட்டு என்ன சொல்வது? பட்டறை வாசலிலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.